எங்கள் பூட்டன் ஒளிந்துகொள்ளவில்லை

1952ஆம் ஆண்டில் பிரித்தானிய உளவுத்துறையான எம்.ஐ.5 ஒரு மனுசனுடைய பிறப்புப் பதிவைத் தேடிக்கொண்டிருந்தது. லண்டன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. தேடப்பட்டவர் உலகமே அறிந்த ஆள்: சார்லி சாப்ளின். 1889 ஏப்ரல் 16ஆம் திகதி தெற்கு லண்டனில் பிறந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். அதற்கு ஒரு துண்டுக் கடதாசி இன்றுவரை கிடைக்கவில்லை.

பிறந்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் பட்டினி கிடந்ததற்குச் சாட்சி இருக்கிறது. 1896இல், ஏழு வயதில், அம்மா ஹன்னாவோடும் அண்ணன் சிட்னியோடும் அவர் வொர்க்ஹவுஸ் வாசலில் போய் நின்றார். வொர்க்ஹவுஸ் என்றால் ஏதோ தொழிற்சாலை என்று நினைத்துவிடாதீர்கள். போக்கிடம் இல்லாத ஏழைகளை உள்ளே போட்டு, குடும்பத்தைப் பிரித்து, கஞ்சி ஊத்தி, அந்தக் கஞ்சிக்கும் வேலை வாங்கிய அரசாங்க விடுதி அது. அங்கேயிருந்து ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1898இல் மறுபடியும் வொர்க்ஹவுஸ். அதே ஆண்டு அம்மாவைக் கேன் ஹில் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். இந்தக் கேவலம் எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறப்புப் பத்திரமே இல்லாத அந்த மனுசனைப் பார்த்து, "உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், பூட்டன் எங்கே பிறந்தான், நிரூபி, இல்லாவிட்டால் நீ இந்த நாட்டுக்காரன் இல்லை" என்று லண்டன் கேட்கவில்லை. சாகும்வரை பிரித்தானியப் பிரஜையாகவே இருந்தார். 1975இல் அரசி அவருக்கு 'சேர்' பட்டமும் கொடுத்தார்.

அதே காலத்தில்தான், 1948இல் தொடங்கி, இலங்கையில் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரைப் பார்த்து அச்சொட்டாக அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்ல முடியாமல்போனதுதான் எங்கள் குடும்பத்தின் கதை. உங்களில் பலருடைய குடும்பத்தின் கதையும் அதுதான்.

வம்சவழி தேடுகிறவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: அகப்படாத முன்னோர். எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை இருக்கிறது. கேட்டால் ஏதோ பாட்டன்மார் வேணுமென்றே புதருக்குள் போய் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கிறது. ஏழை ஒளிந்துகொள்ளவில்லை. விடியக்காலையில் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்றான். கணக்கப்பிள்ளை முன்னால் நின்றான். எழுதுகிறவன் எதை எழுதினான், எதை விட்டான் என்பதுதான் விசயம்.

யாருக்காக எழுதினார்கள்?

முதலில் இங்கிலாந்தையே பார்ப்போம். அங்கே 1801 முதல் பத்து ஆண்டுக்கு ஒருதடவை குடிசன மதிப்பு எடுத்தார்கள். ஒவ்வொருவரின் பேரையும் நாடு முழுக்க எழுதத் தொடங்கியது 1841இல்தான். அந்த முறை பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 34 வயதுக்காரி 30 ஆகிவிடுவாள். அதுவரை அவர்களுக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கு. எத்தனை வாய், எத்தனை கை என்ற கணக்கு.

1834இல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தி, வொர்க்ஹவுஸ்களை நாடு முழுக்கக் கட்டினார்கள். அங்கே வருவோர் போவோர் பதிவேடு கண்டிப்பாக இருந்தது. அன்பினால் எழுதப்பட்ட பதிவேடு இல்லை அது. ஒரு ஏழைக்குப் போடும் சோற்றின் செலவை எந்த ஊர் கட்டவேண்டும் என்ற சண்டைக்காக எழுதப்பட்டது. 1845இல் ஒவ்வொரு மாவட்டமும் மனநோய் விடுதி கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கேயும் நோயாளி பதிவேடு, மருத்துவக் குறிப்பு, பிறகு படமும் கூட. 1871 குடிசன மதிப்பில் ஒவ்வொரு வீட்டிலும் குருடர், செவிடர், புத்தி சுவாதீனம் இல்லாதவர் யாராவது உண்டா என்று கேட்க ஒரு தனி நிரலே வைத்தார்கள்.

அதே அரசாங்கம் மறைக்கவும் செய்தது. 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதிக் குடிசன மதிப்புகளில் சில விடுதிகளில் இருந்தவர்களுக்கு முழுப்பேர் கிடையாது; முதலெழுத்து மட்டும்தான். குடும்ப மானம் போய்விடக்கூடாதாம். 1904இலிருந்து வொர்க்ஹவுஸில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அந்தச் சொல் வராமல், வெறும் தெரு முகவரி ஒன்றை எழுதச் சொன்னார்கள். இன்று பேரப்பிள்ளைகள் "இந்த முகவரியில் ஒரு வீடே இல்லையே" என்று முட்டி நிற்பது இதனால்தான்.

அயர்லாந்தில் கதை இன்னும் மோசம். 1861, 1871 படிவங்களை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 படிவங்களை முதலாம் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கினார்கள். அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30ஆம் திகதி டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது சாம்பலானது. பஞ்சத்தில் செத்த, கப்பலேறிய ஒரு சனத்தின் பேர்கள் அப்படிப் போயின. ஆனால் மிஞ்சிய 1901, 1911 படிவங்களை இன்று அயர்லாந்து அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. எந்த நாட்டில் இருக்கிற எவரும் படிக்கலாம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். ஏழையின் பேரை அரசாங்கம் எழுதுவது தன் தேவைக்கு. செலவுக்கணக்கு, பயம், தண்டனை, வரி. பிறகு நூறு ஆண்டு கழித்து அந்த அசிங்கமான பதிவேட்டையே பேரப்பிள்ளை தன் சொத்தாக மாற்றிக்கொள்கிறான். அதற்கு மூன்று வேண்டும்: எழுதியிருக்க வேண்டும், அழியாமல் காத்திருக்க வேண்டும், திறந்துவிட வேண்டும். இங்கிலாந்துக்காரனுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் கிடைத்தது. நமக்கு?

ஒரு நாள் கூலிக்குப் பேர் 'பேர்'

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் 'பேர்'. முழுநாள் வேலை என்றால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால், மழையில் பாதியில் இறங்கினால், அரைப்பேர். "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாரு" என்று அப்பாயி சொல்லும்போது சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. செக்ரோலில் பேருக்கு நேரே விழுந்த கோடுதான் அவர்களுடைய பேர். கோடு விழாத நாளில் பேர் இல்லை.

செக்ரோலில் பேர் எழுதத்தான் செய்தார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் ஆயுள் சம்பளக் கணக்கு முடியும்வரைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டபம் பக்கமிருந்து வந்தவர்களுக்குத் தகர டிக்கட் கொடுத்தார்கள். ஆளையும் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தையும் அடையாளம் காட்டும் இலக்கம் குத்தின தகரத்துண்டு. சாமான் மூட்டையில் கட்டும் சீட்டு மாதிரி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டில் எழுதியிருந்தது பாட்டனின் வரலாறு இல்லை, அவன் தலையில் இருந்த கடன். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 ஆகிவிட்டது. துண்டு இல்லாமல் ஓடினால் குற்றவாளி. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற்சட்டத்தின்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போன கூலிக்கு மறியல்.

சரி, அதே காலத்தில் யாருடைய பேர் ஒழுங்காக எழுதப்பட்டது? பெர்குசன் டிரெக்டரியை எடுத்துப் பாருங்கள். எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் முதலாளி, யார் துரை, எல்லாம் இருக்கும். 1913இல் பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி, இலங்கையில் இருக்கிற கல்லறைகளின் வாசகங்களைத் தேடித்தேடி ஒரு தடித்த புத்தகமே போட்டார். அது ஐரோப்பியர்களின் கல்லறைப் புத்தகம். 1892இல் செத்த ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மஹியாவையில் கல்லறை இருக்கிறது, போய் மாலை போடலாம். அவர் லூல்கந்துரையில் தேயிலை போட்டபோது குழி வெட்டினவனுக்குத் தேயிலைச் செடிதான் கல்லறை. அந்தச் செடிக்கு உரமானவன் பேர் என்ன?

இதை 'துரைமார் கெட்டவர்கள்' என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் காணி வைத்திருந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. பறங்கியர் சங்கம் 1908 முதல் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை அச்சடித்தது. காணி இருந்தவனுக்கு முன்னோர் உண்டு. காணி இல்லாதவனுக்கு முன்னோர் இல்லை. இனம் பார்த்து மட்டும் நடந்த அநியாயம் இல்லை இது.

குடிசன மதிப்புக்கு வருவோம். இலங்கையில் நவீன குடிசன மதிப்பு 1871இல் தொடங்கியது. 1901 மதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம், நம்ம ஆள்தான். 1911இல் டென்ஹாம் நடத்திய மதிப்பில் 'இந்தியத் தமிழர்', 'இலங்கைத் தமிழர்' என்று இரண்டு தனிக் கூடுகள் போட்டார்கள். இந்தியத் தமிழர் கூட்டில் ஏறக்குறைய 531,000 பேர். அந்த 531,000இல் எத்தனை கறுப்பையா, எத்தனை ராமாயி? அறிக்கையில் தேடிப் பாருங்கள். மாவட்டம் இருக்கும், மதம் இருக்கும், ஆண் பெண் கணக்கு இருக்கும். ஒரு ஆள் இருக்கமாட்டார். 1841இல் இங்கிலாந்தின் ஒரு குப்பைத்தொட்டித் தெருவில் இருந்தவளின் பேர் இன்று இணையத்தில் கிடைக்கும். அவளுக்கு எழுபது வருடம் பிந்தி அதே முடியாட்சியின் கீழே கொழுந்து பறித்தவளின் பேர் கிடைக்காது.

ஒப்பந்தக் கூலிக்குப் பேர் இருந்தது

'அந்தக் காலத்தில் இதெல்லாம் எழுதுவது கஷ்டம், வசதி இல்லை' என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு நாத்தால் என்று பதில் சொல்லுங்கள்.

1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டேர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911வரை நாத்தாலுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் 152,000க்கு மேல். ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு: இலக்கம், பேர், தகப்பன் பேர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. மொரிசியசில் கூலிகளைப் படமும் பிடித்தார்கள். அந்தப் பதிவேடுகளை இன்று மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் வைத்திருக்கிறது. கொள்ளுப்பேரன் போய்த் தன் பூட்டியின் முகத்தைப் பார்க்கலாம்.

அதே மாவட்டங்கள், அதே பஞ்சம், அதே சாதிகள், அதே வெள்ளைக்காரன். டேர்பனுக்குப் போன அண்ணனுக்குப் பதிவு இருக்கிறது. மாத்தளைக்கு நடந்துவந்த தம்பிக்கு இல்லை. ஏன்? தம்பி 'சுதந்திரமானவன்' என்பதால். கடல்கடந்து கூலி கொண்டுபோவதை இந்தியச் சட்டம் கட்டுப்படுத்தியது, ஆனால் 1847இல் வந்த சட்டம் இலங்கைக்குப் போவதை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிட்டது. ஒப்பந்தம் இல்லை, பாதுகாவலர் அதிகாரி இல்லை, கப்பல் பட்டியல் இல்லை. கங்காணியின் வாய்ச்சொல்லும் கடனும் போதும். எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. எழுதாமல் விடுவது மலிவு.

ஒப்பந்தக் கூலி முறை நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அது அடிமைத்தனத்தின் தம்பி. ஆனால் விலங்கு போட்டவன் இலக்கம் எழுதிவைத்தான், 'விலங்கே இல்லை' என்று பொய் சொன்னவன் ஒன்றும் எழுதவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது.

பூட்டனைக் கொண்டுவா

இப்போது 1948. பிரஜாவுரிமைச் சட்டம், 18ஆம் இலக்கம். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆகவேண்டுமானால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும்.

இதை ஆறுதலாக வாசியுங்கள். 1910இல் பிறந்த ஒருவரிடம் 1948இல் கேட்கிறார்கள். அவருடைய தகப்பன் 1880களில், பாட்டன் 1850களில், பூட்டன் 1820களில் பிறந்திருப்பார். இந்த மூன்று பேரையும் ஆளாக எழுதாமல் தலையாக எண்ணிய நிர்வாகத்தின் வாரிசுதான் "எங்கே பத்திரம்?" என்று கேட்டது. தான் திறக்காத கணக்கில் மிச்சம் கேட்ட வங்கிக்காரனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அம்மாவையும் கேட்கவில்லை, அதையும் கவனியுங்கள். சட்டம் முழுக்கத் தகப்பன், பாட்டன், பூட்டன். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஏற்றுமதிக் கணக்கை நிமிர்த்தினவள் பெண். அவள் எங்கே பிறந்தாள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த வருடம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணம் முடித்தவர் ஏழு வருடம், முடிக்காதவர் பத்து வருடம், இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்கவேண்டும். ஒருதடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். விண்ணப்பிக்க இரண்டே வருடம். ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள் போயின; அவற்றில் அடங்கியவர்கள் ஏறக்குறைய 824,000 பேர். பத்துப் பன்னிரண்டு வருட இழுபறிக்குப் பிறகு பிரஜையானவர்கள் 134,000 பேர் அளவில். மிச்சப்பேரை 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு போட்டார்கள்: 525,000 உனக்கு, 300,000 எனக்கு, 150,000 பிறகு பார்ப்போம். அந்த 150,000ஐ 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். கடைசி நாடற்றவருக்கான சட்டம் வந்தபோது வருடம் 2003.

முன்னோர் தேடல் பணக்காரனுக்குப் பொழுதுபோக்கு. நமக்கு அது ஐம்பத்தைந்து வருட வழக்கு.

அப்பாயியின் தகரப்பெட்டி

எங்கள் பூட்டன் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில், பிறந்தவர். அப்படித்தான் வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு ஒரு பத்திரம் இருந்திருந்தால், சட்டப்படி தாத்தா 1948இலேயே பிரஜை. பத்திரம் இல்லை. ஆகவே பூட்டன் 1951இல் விண்ணப்பம் போட்டார். நிராகரித்துவிட்டார்கள். 1940இல் அக்கா சாவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பிவரப் பதினாலு மாதம் ஆகிவிட்டதாம். பன்னிரண்டுக்கு மேலே இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்காகத் தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு கோத்தகிரிக்குப் போனார். தாத்தா இங்கே நின்றார். இரண்டு பேரும் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

இது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பாயியின் தகரப்பெட்டியில் அந்த விண்ணப்பத்தின் பிரதி இருக்கிறது. மடிப்பில் கிழிந்த, கறையான் அரித்த நாலு தாள். அதில் பூட்டன் பேர், பூட்டி பேர், பிள்ளைகளின் பேர் வயது, எந்தெந்தத் தோட்டத்தில் எந்த வருடம், கடைசியில் பூட்டனின் பெருவிரல். பூட்டனைப் பற்றி எழுதப்பட்டு மிஞ்சியது உலகத்தில் இது ஒன்றுதான். எங்களை வெளியே தள்ளுவதற்காக எழுத வைத்த கடதாசிதான் எங்கள் ஒரே வம்சாவளி. சாப்ளினுக்கு வொர்க்ஹவுஸ் பதிவேடு எப்படியோ, நமக்கு இது அப்படி.

அந்தத் தாளில் தாத்தாவின் தங்கச்சி ஒருத்தியும் இருக்கிறாள். வயது எட்டு. அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். கேட்டுக்கேட்டு ஒருநாள் அப்பாயி சொன்னாங்க: "பிள்ளை பெத்த பத்தாம் நாளு புத்தி பேதலிச்சுப் போச்சு சாமி. தோட்டத்து லொறியில ஏத்திக் கொழும்புக்குக் கொண்டு போனாங்க. திரும்பி வரல்ல. போய்ப் பார்க்கக் காசு ஏது?"

நான் போனேன், அறுபது வருடம் பிந்தி. எந்த இடம் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர் கெட்டவரும் இல்லை, அவருக்கும் வேலை. "தம்பி, முழுப்பேர்? தகப்பன் பேர்? அனுமதித்த திகதி? ஐ.சி. இலக்கம்?" என்று வரிசையாகக் கேட்டார். 1960இல் நாடே இல்லாதவளுக்கு ஐ.சி. ஏது? "இலக்கம் இல்லாம பழைய புத்தகம் தேட ஏலாது தம்பி. இருக்கோ தெரியாது" என்றார். தோட்டத்து ஆபிஸில் பழைய பிறப்பு இறப்புக் கணக்கு கேட்டபோது, "கம்பனி மாறினப்ப எல்லாத்தையும் பழைய பேப்பருக்குப் போட்டாச்சு" என்று சிரித்தார்கள். 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஸ்டோரை எண்ணினார்கள், மெஷினை எண்ணினார்கள். எங்கள் சாவுக் கணக்கை மட்டும் கிலோ கணக்கில் விற்றார்கள்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு நாம் இன்றும் அழுகிறோம். அழவேண்டும். தோட்டத்து ஆபிஸ் பரணில் இருந்த புத்தகங்கள் பழைய பேப்பருக்குப் போனதற்கு யாராவது ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தோமா? 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்கள் கையில் பிள்ளையைத்தான் தூக்கினார்கள், பெட்டியை இல்லை. அவர்களுக்கு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 'தோட்டக்காட்டான்' என்று பேர் வைத்தது சிங்களவர் இல்லை. நாம்தான்.

எதுக்கு இதெல்லாம்?

மூன்று விதமான ஆட்கள் இதைக் கேட்கிறார்கள்.

ஒன்று, நம்ம பெரியவர்கள். "பட்ட அவமானத்தைக் கிண்டி என்னாத்துக்கு?" அப்பாயியே கேட்டாங்க: "அவுங்கல்லாம் பஞ்சத்துல வந்தவங்க சாமி, பேரு எழுதிக்கிட்டா வந்தாங்க?" அவமானம் பட்டவருடையது இல்லை, படுத்தினவருடையது. இங்கிலாந்திலும் வொர்க்ஹவுஸில் பிறந்ததை இரண்டு தலைமுறை மறைத்தது. இன்று பேரப்பிள்ளைகள் அந்தப் பதிவேட்டை எடுத்துத் தொலைக்காட்சியில் அழுகிறார்கள். மறைத்ததால் லாபம் அடைந்தது விடுதியைக் கட்டினவர்கள்தான்.

இரண்டு, 'நாங்கள் அந்தக் காலத்தில் ஆண்ட பரம்பரை' என்று கிளம்புகிறவர்கள். நாத்தால் பட்டியலில் சாதி நிரலை மட்டும் தேடிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்குத் தேவை முன்னோர் இல்லை, கிரீடம். பஞ்சத்தில் நடந்துவந்தவனுக்கு வாள் கட்டிவிடுவது அவனை இரண்டாம் தடவை கொல்வது. எங்கள் பூட்டன் கூலி. அவர் கூலியாகவே எனக்கு வேண்டும்.

மூன்று, தனியுரிமை பேசுகிறவர்கள். இது நியாயமான கேள்வி. மனநோய்ப் பதிவேட்டை நாளைக்கே இணையத்தில் கொட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிரித்தானியாவிலும் குடிசன மதிப்பு நூறு ஆண்டு மூடியிருக்கும். 1921 மதிப்பு 2022இல்தான் திறந்தது. நோயாளர் பதிவேடுகளுக்கும் பெரும்பாலும் அப்படியொரு காலக்கெடு உண்டு. ஆனால் மூடிவைப்பது வேறு, தொலைத்துவிடுவது வேறு. மூடியிருக்கிற கதவுக்குத் திறக்கும் திகதி உண்டு.

என்ன செய்வது?

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். நல்ல காரியம். காலில் கொப்புளம் வந்தது, மனசு நிறைந்தது. ஆனால் நினைவு நடையில் 'எங்கள் முன்னோர்' என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் ஒரு பேராவது நமக்குத் தெரிந்திருந்ததா?

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 237,000 விண்ணப்பக் கோப்புகள் இன்று எங்கே, எந்த நிலையில், எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அரசாங்கம் பகிரங்கமாகச் சொல்லவேண்டும். மிஞ்சியவற்றைத் தேசிய சுவடிகள் காப்பகத்தில் சேர்த்து, வாரிசுகளுக்குத் திறந்துவிடவேண்டும். எங்கள் பெருவிரல் அது. எங்களுக்குப் பார்க்க உரிமை உண்டு. தோட்டங்களில் எஞ்சியிருக்கிற செக்ரோல், பிறப்பு இறப்புப் புத்தகங்கள், வைத்தியக் கணக்குகள் எதையும் பழைய பேப்பருக்குப் போடக்கூடாது என்று உத்தரவு வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுத ஒரு பின்னேரம் போதும். ஒருவன் எழுதினால் கோப்புக்குள் போகும். நூறு பேர் எழுதினால் பதில் வரும்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கும், திறவுங்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பேர் மூன்று தாளில் மூன்று விதமாக இருந்தால் மூன்றையும் எழுதுங்கள்; ஒன்று கங்காணி சொன்னபடி, ஒன்று துரை ஆபிஸ் எழுதினபடி, ஒன்று சிங்கள எழுத்தரின் காதில் விழுந்தபடி இருக்கும். அம்மாவழியையும் கேளுங்கள், சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நீங்களும் விட்டுவிடாதீர்கள். பேசாமல் விட்ட ஆளைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். லொறியில் போனவள், ஓடிப்போனவன், ஒப்பந்தத்தில் போனவர்கள். கேட்கும்போது போனில் பதிவு செய்யுங்கள். இதற்கு நூறு ஆண்டு காலக்கெடு கிடையாது. அப்பாயிக்கு எண்பத்திமூன்று வயது.

தாத்தாவின் தங்கச்சியின் பேர் இப்போது எங்கள் வீட்டில் ஒரு கொப்பியில் இருக்கிறது. நான் எழுதினேன். வயது, தகப்பன் பேர், தாய் பேர், லொறி ஏறின வருடம். கீழே, அவள் பெற்ற பிள்ளையின் பேரை அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று அடுத்ததாகத் தேடவேண்டும்.